விற்பனைப் பணியில் முதல் ஆண்டு: படித்தும் எழுதியும் தொழில் பழகுவதற்கு ஒரு வழிகாட்டி

விற்பனைப் பணியில் புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி பேச்சைப் பற்றியதாகவே இருக்கிறது. தயங்காமல் பேச வேண்டும், மறுப்பு வந்தால் உடனே மறுமொழி தயாராக இருக்க வேண்டும், வாடிக்கையாளரின் பெயரை அடிக்கடி சொல்ல வேண்டும் என்றெல்லாம் பயிற்சி வகுப்புகளில் கற்றுத் தருகிறார்கள். அவை வீண் என்று சொல்ல மாட்டேன். ஆயினும் பல ஆண்டுகளாக இத்தொழிலில் இருந்து பார்த்ததில், தேர்ந்த விற்பனையாளரைச் சுமாரானவரிடமிருந்து பிரித்துக் காட்டுவன இரண்டே பழக்கங்கள் என்று எனக்குப் படுகிறது: சந்திப்புக்கு முன் அவர் எதைப் படித்துவிட்டுப் போகிறார் என்பது ஒன்று, சந்திப்பு முடிந்ததும் எதை எழுதி வைக்கிறார் என்பது மற்றொன்று. நாவன்மை இல்லாதவர்கள்கூட இவ்விரண்டைக் கொண்டு நன்றாகப் பிழைத்திருக்கிறார்கள்.

பிற நிறுவனங்களுக்குப் பொருளோ சேவையோ விற்கும் பணியில் சேர்ந்திருக்கும் ஒருவரை மனத்தில் வைத்து, வேலை நடக்கும் வரிசையிலேயே இதை எழுதுகிறேன். சில்லறை விற்பனையில் இருப்பவர்களுக்கும் சில பகுதிகள் பயன்படக்கூடும்.

முதல் வாரங்கள்: புகார்களைப் படியுங்கள்

வேலையில் சேர்ந்த அன்றே உங்கள் கையில் பொருள் விளக்கக் கையேட்டைக் கொடுத்துவிடுவார்கள். அதை ஒருமுறை படித்துவிட்டு ஓரமாக வையுங்கள். பொருள் எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதை அது சொல்லும். உண்மையில் எப்படி வேலை செய்கிறது என்பதை அறிய, பராமரிப்புப் பிரிவுக்குச் சென்று கடந்த ஓராண்டில் வந்த புகார்களையும், திருப்பி அனுப்பப்பட்ட சரக்கின் பட்டியலையும் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். புதியவர் ஒருவர் இதைக் கேட்கும்போது சிலர் புருவத்தை உயர்த்துவார்கள். அதற்காகத் தயங்க வேண்டியதில்லை.

படிக்கும்போது புகார்களை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பொருளிலேயே இருந்த குறையால் வந்தவை, வாங்கியவர் தவறாகப் பயன்படுத்தியதால் வந்தவை, விற்கும்போது மிகையாக வாக்குக் கொடுத்ததால் வந்தவை. மூன்றாவது வகை எத்தனை இருக்கிறது என்று பாருங்கள். அதுதான் உங்கள் துறைக்குச் சொந்தமானது. அதன்பின் உத்தரவாத விதிகளையும், சரக்கு ஒப்படைப்பு நிபந்தனைகளையும், பொடி எழுத்தில் அச்சிட்டவை உட்பட, முழுவதுமாகப் படியுங்கள். எதிர்த் தரப்பில் அமர்ந்திருக்கும் கொள்முதல் அதிகாரி அவற்றைப் படித்திருப்பார். விற்கிறவர் படிக்காமல் இருப்பது அழகல்ல.

குறைகளை முதலில் தெரிந்துகொள்ளச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் எழுதிய ஒரு கட்டுரையில் பழைய கார்களின் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஒரு சிக்கலை விளக்கினார். எந்தக் கார் நல்லது, எது பழுதானது என்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லாக் கார்களுக்கும் சேர்த்துக் குறைந்த விலையே சொல்வார். அந்த விலைக்குக் கட்டுப்படியாகாத நல்ல கார்கள் சந்தையை விட்டு விலகிவிடும் என்பது அவர் வாதம். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் இத்தகைய ஆராய்ச்சிக்கும் பங்கு உண்டு. புதிய விற்பனையாளர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, வாடிக்கையாளரின் சந்தேகம் தம்மீது கொண்ட தனிப்பட்ட அவநம்பிக்கை இல்லை என்பதுதான். தெரியாத ஒன்றை வாங்கும் எவருக்கும் அந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும். உங்கள் பொருள் எந்த இடத்தில் பொருந்தாது என்பதை அவர் கேட்பதற்கு முன்பே நீங்கள் சொல்லிவிட்டால், அது எங்கே பொருந்தும் என்று நீங்கள் சொல்வதை அவர் நம்பத் தொடங்குவார்.

சந்திப்புக்கு முன்: ஒரு மணி நேரம்

ஒரு நிறுவனத்துக்குப் போவதற்கு முன் குறைந்தது ஒரு மணி நேரம் அதைப் பற்றிப் படிக்க வேண்டும். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமாயின் அதன் ஆண்டறிக்கை பொதுவெளியில் கிடைக்கும். படங்களையும் தலைவர் உரையையும் வேகமாகக் கடந்து, நிதிநிலை அறிக்கைக்குப் பின்னால் வரும் விளக்கக் குறிப்புகளுக்குச் செல்லுங்கள். கையிருப்புச் சரக்கு சென்ற ஆண்டைவிடக் கூடியிருக்கிறதா, புதிய இயந்திரங்களுக்கும் கட்டடங்களுக்கும் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள், வரவேண்டிய பாக்கி எவ்வளவு என்பவற்றை முதலில் பாருங்கள்.

பாக்கியை வைத்து ஓர் எளிய கணக்குப் போடலாம். ஆண்டு முடிவில் வரவேண்டிய பாக்கியை ஆண்டு விற்பனையால் வகுத்து 365ஆல் பெருக்கினால், அந்த நிறுவனம் தன் பணத்துக்காகச் சராசரியாக எத்தனை நாள் காத்திருக்கிறது என்பது தெரியும். விற்பனை 730 கோடி, பாக்கி 180 கோடி என்றால் விடை 90 நாள். தன் பணத்துக்கு 90 நாள் காத்திருக்கும் நிறுவனம் உங்களுக்கு 30 நாளில் பணம் தருவதாகச் சொன்னால், அதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. தவிர, வசூலை விரைவுபடுத்தும் எதுவும் அவர்களுக்கு ஆர்வமூட்டும் என்ற குறிப்பும் இதில் கிடைக்கிறது.

பட்டியலிடப்படாத சிறு நிறுவனமாயின் அதன் வேலைவாய்ப்பு விளம்பரங்களைப் படியுங்கள். எந்தப் பணிக்கு ஆள் எடுக்கிறார்கள், ஒரே பணிக்குத் திரும்பத் திரும்ப விளம்பரம் வருகிறதா, புதிய பிரிவு எதையும் தொடங்குகிறார்களா என்பவை அந்த நிறுவனத்தின் திட்டத்தையும் தலைவலியையும் ஒருங்கே காட்டிவிடும். இதைப் பலரும் செய்வதில்லை என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

படித்து முடித்ததும் மூன்று கேள்விகளையும் ஓர் ஊகத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். 'இவர்களுக்கு இன்னது சிக்கலாக இருக்கக்கூடும்' என்ற அந்த ஊகம் பொய்த்துப் போனாலும் பாதகமில்லை. ஊகமே இல்லாமல் போகிறவர் எதைக் கேட்டாலும் தலையாட்டுவார். ஊகத்தோடு போகிறவர் அது எந்த இடத்தில் பிசகுகிறது என்று கவனித்துக் கேட்பார்.

சந்திப்பில்: கேள்விகளின் வரிசை

எழுதி வைத்த விற்பனை உரையை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் முறை பழமையானது. நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் நிறுவனத்தை நடத்திய ஜான் பேட்டர்சன் 1880களின் இறுதியிலேயே தம் விற்பனையாளர்கள் அத்தகைய உரையை அப்படியே கற்றாக வேண்டும் என்று விதித்தார். பணப்பெட்டி இயந்திரம் புதிதாக இருந்த காலத்தில், ஏறக்குறைய ஒரே மாதிரியான கடைக்காரர்களிடம் அது பலித்திருக்கலாம். வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் தேவை மாறும் பெரிய விற்பனைகளில் ஒப்பித்தல் உதவாது.

பெரிய விற்பனைகளைப் பற்றி நீல் ராக்கம் தலைமையில் 1970களிலும் 1980களிலும் நடந்த ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. ஏறத்தாழ 35,000 விற்பனைச் சந்திப்புகளை அவருடைய குழுவினர் ஆராய்ந்தார்கள். சிறிய விற்பனைகளில் பலன் தரும் வற்புறுத்தி முடிக்கும் உத்திகள் பெரிய விற்பனைகளில் பலன் தருவதில்லை என்பதும், வெற்றி பெற்ற சந்திப்புகளில் பேசுபவர் பெரும்பாலும் வாடிக்கையாளரே என்பதும் அவர்கள் கண்டவை. கேள்விகளை அவர் நான்காக வகுத்தார்: தற்போதைய நிலையைப் பற்றியவை, அதிலுள்ள சிக்கலைப் பற்றியவை, சிக்கலின் விளைவைப் பற்றியவை, தீர்வினால் கிடைக்கும் பயனைப் பற்றியவை.

புதியவர்கள் முதல் வகைக் கேள்விகளிலேயே நேரத்தைச் செலவழித்துவிடுகிறார்கள். 'உங்களுக்கு எத்தனை கிளைகள்? எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?' என்று கேட்பது வாடிக்கையாளருக்குச் சலிப்பூட்டும், ஏனெனில் அவை தேடினால் கிடைக்கும் விவரங்கள். முன்கூட்டிய ஒரு மணி நேர வாசிப்பு இங்கேதான் கைகொடுக்கிறது. முதல் வகையில் ஒன்றிரண்டை மட்டும் சரிபார்த்துக்கொண்டு, நேரே இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் போய்விடலாம். இயந்திரம் அடிக்கடி நிற்கிறது என்று அவர் சொன்னால், உடனே உங்கள் இயந்திரம் நிற்காது என்று தொடங்கிவிடாதீர்கள். நின்றுபோகும் நாட்களில் முன்பே ஒப்புக்கொண்ட ஆர்டர்களை என்ன செய்கிறார்கள், கூடுதல் நேர ஊதியம் யார் கணக்கில் எழுதப்படுகிறது, தாமதத்துக்கு அபராதம் கட்டுகிறார்களா என்று கேளுங்கள். கேட்டபின் பேசாமல் இருங்கள். அந்த மௌனம் புதியவர்களுக்குப் பெரும் சங்கடமாக இருக்கும். அதை நிரப்பும் பொறுப்பு உங்களுடையதில்லை.

எதிரில் இருப்பவர் யார் என்பதையும் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பொருளைப் பயன்படுத்துகிறவர், பணத்துக்கு ஒப்புதல் தருகிறவர், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறவர் ஆகிய மூவரும் பெரும்பாலும் வெவ்வேறு ஆட்கள். 'நீங்கள்தான் முடிவெடுப்பீர்களா?' என்று நேரடியாகக் கேட்டால் அவருடைய மதிப்பைச் சோதிப்பது போல ஆகிவிடும். 'சென்ற முறை இதுபோன்ற ஒன்றை வாங்கியபோது யார் யாருடைய கருத்தைக் கேட்டீர்கள்?' என்று கேட்டால் முழு வரிசையும் வந்துவிடும்.

சந்திப்பு முடிந்ததும்: முதல் பத்து நிமிடம்

வெளியே வந்தவுடன் கைபேசியைப் பார்ப்பதற்கு முன், அலுவலகத்துக்கு அழைத்து 'நல்லபடியாகப் போயிற்று' என்று சொல்வதற்கு முன், உட்கார ஓர் இடம் தேடி எழுதுங்கள். ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தம்மையே சோதனைப் பொருளாக்கி, பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு விரைவில் மறக்கிறோம் என்று அளந்தார். அவர் 1885இல் வெளியிட்ட முடிவின்படி, ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் கரைந்துவிடுகிறது; அதன்பின் மறதியின் வேகம் குறைகிறது. பொருளுள்ள உரையாடல் அசைகளைவிடச் சற்று நீண்டு நினைவில் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒரே நாளில் நான்கு பேரைச் சந்தித்தவருக்கு, மாலையில் யார் என்ன சொன்னார் என்பது ஒன்றோடொன்று கலந்துவிடும் என்பதைத் தொழிலில் உள்ள எவரும் ஒப்புக்கொள்வார்.

என்ன எழுத வேண்டும்? 'நல்ல சந்திப்பு, ஆர்வம் காட்டினார், மீண்டும் அழைக்க வேண்டும்' என்று எழுதுவது எழுதாமல் இருப்பதற்குச் சமம். அவர் பயன்படுத்திய சொற்களை அப்படியே எழுதுங்கள். 'செலவு அதிகம்' என்றாரா, 'இந்தக் காலாண்டில் முடியாது' என்றாரா என்பதில் பெரிய வேறுபாடு இருக்கிறது. முதலாவது விலையைப் பற்றியது, இரண்டாவது நாட்காட்டியைப் பற்றியது. நீங்கள் கொடுத்த வாக்கு, அவர் கொடுத்த வாக்கு, இரண்டுக்கும் உரிய தேதி, பேச்சில் வந்த பிறருடைய பெயர்கள், பதில் சொல்ல முடியாமல் போன கேள்வி ஆகியவை அவசியம் இடம்பெற வேண்டும்.

நிறுவனம் ஒரு மென்பொருள் கொடுத்திருக்கும். அதில் பதிவது கடமை. அது பெரும்பாலும் மேலாளர் பார்ப்பதற்காக அமைக்கப்பட்டது என்பதால், உங்கள் சிந்தனைக்கென்று தனியாக ஒரு தாள் குறிப்பேடு வைத்துக்கொள்ளச் சொல்வேன். அதிலும் ஓர் எல்லை வேண்டும். வாடிக்கையாளரின் உடல்நலம், குடும்பச் சங்கடம் போன்றவற்றை அவர் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கலாம்; அந்தப் பக்கத்தை அவரே படிக்க நேர்ந்தால் அவர் முகம் சுளிக்கும்படியான எதையும் எழுதி வைக்காதீர்கள்.

அன்று மாலைக்குள், பேசி முடிவானவற்றை ஐந்தாறு வரிகளில் எழுதி அவருக்கு அனுப்புங்கள். 'நான் புரிந்துகொண்டது இது. விடுபட்டிருந்தால் திருத்துங்கள்' என்ற அந்தச் சிறு மடல், பின்னாளில் எழும் பல தகராறுகளை முளையிலேயே கிள்ளிவிடும்.

கொட்டேஷன், தள்ளுபடி, கடன் காலம்

விலை பேசும் இடத்தில்தான் புதியவர்கள் அதிகமாக இழக்கிறார்கள். காரணம் பெரும்பாலும் கணக்குப் போடாமைதான். விற்கும் விலை 100, அடக்க விலை 75 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றை விற்றால் லாபம் 25. பத்து சதவீதத் தள்ளுபடி கொடுத்தால் லாபம் 15 ஆகிவிடுகிறது. விலையில் பத்து சதவீதம் குறைந்தது, லாபத்திலோ நாற்பது சதவீதம் போயிற்று. முன்பு 100 விற்று ஈட்டிய அதே லாபத்தை ஈட்ட இப்போது 167 விற்க வேண்டும். இந்தக் கணக்கை உங்கள் பொருளின் உண்மையான அடக்கத்தைக் கொண்டு ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால், 'பத்து சதவீதம்தானே' என்ற சொல் வாயில் வராது.

கடன் காலமும் ஒருவகைத் தள்ளுபடியே. ஆண்டு வட்டி 12 சதவீதம் என்றால் 90 நாள் கடன் என்பது ஏறத்தாழ 3 சதவீதம் விலை குறைப்பதற்குச் சமம். தள்ளுபடிக்கு மேலதிகாரியிடம் அனுமதி கேட்கும் சிலர் கடன் காலத்தை மட்டும் தாராளமாக நீட்டிவிடுகிறார்கள்.

குறைத்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், பதிலுக்கு ஒன்றைப் பெற்றுக்கொண்டு குறையுங்கள்: கூடுதல் அளவு, முன்பணம், நீண்ட ஒப்பந்தம், ஒப்படைப்புத் தேதியில் நெகிழ்வு என்று ஏதாவது ஒன்று. எதையும் பெறாமல் குறைத்தால், முதலில் சொன்ன விலை பொய் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

இங்கே மனத்தின் போக்கையும் அறிந்திருக்க வேண்டும். ஆதாயம் தரும் மகிழ்ச்சியைவிட அதே அளவு இழப்பு தரும் வேதனை பெரிதாகத் தோன்றுகிறது என்பதை உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் விளக்கினார்கள். இதைப் படித்த விற்பனையாளர்கள் வாடிக்கையாளரை அச்சுறுத்தப் பயன்படுத்துகிறார்கள். 'இந்த வாரம் தவறினால் இந்த விலை கிடையாது' என்பதெல்லாம் அந்த வகைதான். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த ஆராய்ச்சி விற்பவருக்கே அதிகம் பொருந்தும் என்பது என் கருத்து. கைக்கு வந்த ஆர்டர் நழுவிவிடுமோ என்ற அச்சத்தில்தான் நாம் கேட்கப்படாத தள்ளுபடியைக்கூடக் கொடுத்துவிடுகிறோம். ஆகவே எந்த விலைக்குக் கீழே விலகிக்கொள்வீர்கள் என்பதைச் சந்திப்புக்கு முன்பே, மனம் அமைதியாக இருக்கும்போது, குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள்.

வசூலும் மாதக் கடைசியும்

பணம் கைக்கு வரும்வரை விற்பனை முடிவதில்லை. பில் போய்ச் சேர்ந்ததா, அதில் ஆர்டர் எண் சரியாக இருக்கிறதா என்று முதல் வாரத்திலேயே விசாரித்துவிட்டால், தவணை நாளன்று 'பில்லே வரவில்லை' என்ற பதிலைக் கேட்க நேராது.

இலக்கை மாதத்தின் முதல் நாளில் பின்னிருந்து கணக்கிடுங்கள். ஆறு ஆர்டர்கள் வேண்டும், நான்கு கொட்டேஷனுக்கு ஓர் ஆர்டர் கிடைக்கிறது, மூன்று சந்திப்புக்கு ஒரு கொட்டேஷன் கேட்கிறார்கள் என்றால், 72 சந்திப்புகள் தேவை. அந்த எண்ணிக்கை நடவாத காரியமாகத் தெரிந்தால், கூடுதலாக ஓடுவது தீர்வாகாது. பொருந்தாதவர்களைச் சந்திக்கிறீர்களா என்று பார்க்க வேண்டும். விகிதங்களை உங்கள் குறிப்பேட்டிலிருந்தே எடுங்கள், சக ஊழியர் சொல்வதிலிருந்து எடுக்காதீர்கள்.

மாதக் கடைசியில், டீலரிடம் விற்காத சரக்கு தேங்கியிருக்கும்போதே மேலும் தள்ளிவிட்டு இலக்கை எட்டும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அடுத்த மாதம் அது திரும்பி வரும், அல்லது ஆர்டர் வராது. கணக்கில் ஒரு மாதத்தை மற்றொரு மாதத்திடம் கடன் வாங்குவதைத் தவிர அதில் வேறெதுவும் நடப்பதில்லை.

தொழிலுக்கு வெளியே படிப்பது

விற்பனை உத்திகளைச் சொல்லும் நூல்களைப் பற்றி எனக்கு அவ்வளவு உயர்ந்த அபிப்பிராயம் இல்லை. ஒரு கட்டுரையில் சொல்லிவிடக்கூடியதை இருநூறு பக்கங்களுக்கு இழுப்பவை அவற்றில் அதிகம். ஒன்றைப் படித்தால், அதில் ஒரே ஒரு பழக்கத்தை எடுத்து ஒரு மாதம் செய்து பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

அதைவிட, வாடிக்கையாளர்களின் தொழிலைப் பற்றிய நூல்களும் இதழ்களும் பயன் தரும். நெசவாலைகளுக்கு விற்பவர் பருத்தியைப் பற்றியும், மருத்துவமனைகளுக்கு விற்பவர் தொற்றுத் தடுப்பைப் பற்றியும் படித்திருந்தால், அவருடைய கேள்விகளின் தரமே மாறிவிடும். வணிக வரலாறும் சுவையான துறை. இத்தாலியத் துறவியான லூக்கா பாச்சோலி 1494இல் அச்சிட்ட கணித நூலில் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் பற்று, வரவு என இரண்டு இடங்களில் பதியும் இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை விளக்கினார். இன்று நீங்கள் படிக்கும் ஆண்டறிக்கையின் எலும்புக்கூடு அதுவே என்று தெரிந்தபின், அந்த வறண்ட பக்கங்களைப் பார்க்கும் பார்வை சற்று மாறுகிறது.

கதைகளையும் நாவல்களையும் விற்பனையாளர் படிக்க வேண்டுமா என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. படிக்க வேண்டும் என்பதே என் பதில். ஆனால் தொழிலுக்கு உதவும் என்ற எண்ணத்தோடு படித்தால் இரண்டும் கெட்டுவிடும். நல்ல சிறுகதையில் பாத்திரங்கள் மனத்தில் உள்ளதை நேராகச் சொல்வதில்லை. சொல்லாமல் விட்டதை வாசகர் கண்டுகொள்கிறார். அந்தப் பயிற்சி எதிரில் இருப்பவரின் தயக்கத்தைப் புரிந்துகொள்ள எப்போதாவது உதவினால் அது உபரி லாபம்.

நேரம் எங்கே என்ற கேள்விக்கு, வரவேற்பறைகள் என்று சொல்வேன். இத்தொழிலில் காத்திருப்பது ஏராளம். பையில் எப்போதும் ஒரு மெல்லிய புத்தகம் இருக்கட்டும். கைபேசியில் படிக்கத் தொடங்கினால் ஐந்தாவது நிமிடத்தில் செய்திக் குழுக்களுக்குள் போய்விடுவோம். பிடிக்காத புத்தகத்தை ஐம்பது பக்கத்தோடு நிறுத்திவிடுவதில் குற்றமில்லை. படித்ததில் ஒரு பக்கமாவது குறிப்பு எழுதுங்கள். அதை வாடிக்கையாளர் குறிப்புகள் இருக்கும் அதே ஏட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதிவரலாம்.

வீட்டுக்குத் திரும்பியபின்

நாள் முழுவதும் பிறரை இணங்க வைக்க முயன்றவருக்கு வீட்டிலும் அதே குரல் வந்துவிடும். விடையைத் தெரிந்துகொண்டு கேள்வி கேட்பது, மறுப்பைச் சமாளிக்கத் தொடங்குவது, எதற்கும் 'இரண்டு வழிகள் உள்ளன, எது உங்களுக்கு வசதி?' என்று கேட்பது ஆகியவை வீட்டாரை எரிச்சலூட்டும். உங்கள் தொழில் குரலைக் கேட்டால் உடனே சுட்டிக்காட்டும் உரிமையை வீட்டில் ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள். உறவினர்களிடமும் நண்பர்களிடமும் முதல் ஆண்டில் எதையும் விற்கப் போகாதீர்கள். அவர்கள் வாங்கினால் அது பொருளுக்காகவா முகத்துக்காகவா என்று தெரியாது. வாங்கிய பொருளில் பழுது வந்தால் உறவும் சேர்ந்து பழுதாகும்.

மறுப்புகளின் பாரம் மாலையில்தான் தெரியும். அன்று கிடைத்த ஒவ்வொரு மறுப்புக்கும் எதிரே அது பொருளுக்கா, விலைக்கா, காலத்துக்கா, உங்கள் அணுகுமுறைக்கா என்று ஒரு சொல் எழுதுங்கள். பெரும்பாலானவை முதல் மூன்றிலேயே அடங்கிவிடுவதைப் பார்க்கும்போது மனம் இலேசாகும். கைநழுவிய பெரிய ஆர்டர்களுக்கு மட்டும் ஒரு மாதம் கழித்து வாடிக்கையாளரை அழைத்து, மறுபடி விற்க வரவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டு, எதனால் வேறொருவரைத் தேர்ந்தெடுத்தார் என்று கேளுங்கள். ஆர்டர் போனபின் மக்கள் ஒளிவுமறைவின்றிப் பேசுவார்கள்.

விடுமுறையில் போகும்போது, நிலுவையில் உள்ள ஒவ்வொரு பேச்சுவார்த்தைக்கும் அரைப் பக்கக் குறிப்பு எழுதிச் சக ஊழியர் ஒருவரிடம் ஒப்படைத்து, அவருடைய எண்ணை வாடிக்கையாளர்களுக்குத் தெரிவித்துவிட்டுக் கைபேசியை அணைத்து வையுங்கள். திரும்பி வந்ததும், உங்களைக் கேட்காமல் அவரால் தீர்க்க முடியாமல் போனவை எவை என்று விசாரியுங்கள். குறிப்பேட்டில் எதை எழுதாமல் விட்டிருக்கிறீர்கள் என்பது அதில் தெரிந்துவிடும்.